நவம்பர் 26-க்கு என்ன படம் பார்க்கலாம்?

வழக்கமாக இந்தப் பக்கத்துக்குப் பட்டா மாறுதல், ஜீவனாம்சம், செக் பவுன்ஸ் என்றுதான் கடிதங்கள் வரும். அரசியலமைப்பு நாள் வருகிறதே, அதைப் பற்றிப் படங்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று போன இதழில் ஒருவர் கேட்டார். நாலு வரியில் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் போகின்றன. நான் சத்துவாச்சாரி கோர்ட்டில் வழக்காடுகிறவள். ஒரு படம் பார்த்தால் எந்தச் சட்டப்பிரிவு, அதை யார் கேட்டார்கள், கேட்டவருக்கு என்ன கிடைத்தது என்றுதான் என் மனசு போகும். பதில்களும் அந்தக் கண்ணோடுதான் இருக்கும்.

கேள்வி: வணக்கம் மேடம். அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் நான். நவம்பர் 26 அன்று எல்லாரும் நின்று முகவுரையை வாசிப்பதோடு நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும்.
*— ஆசிரியர், குடியாத்தம்*

ஷ்யாம் பெனகல் இயக்கிய 'சம்விதான்' தொடரைத்தான் சொல்வேன் சார். 2014-ல் ராஜ்ய சபா டிவியில் 10 பகுதிகளாக வந்தது. யூடியூபில் இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதங்களை நடிகர்களை வைத்து எடுத்திருக்கிறார்கள். அம்பேத்கராக சச்சின் கெடேகர், நேருவாக தலிப் தாஹில், மௌலானா ஆசாத்தாக டாம் ஆல்டர். தொகுத்து வழங்குபவர் ஸ்வரா பாஸ்கர்.

பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும். அப்படியே ஓடவிட்டால் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொழி பற்றிய விவாதம் நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். அதில் இருபது நிமிஷத்தை நீங்கள் முதலிலேயே பார்த்து, யார் என்ன சொன்னார்கள் என்று தமிழில் எழுதி வையுங்கள். ஒருவர் பேசி முடித்ததும் நிறுத்துங்கள். 'இவர் சொல்வது சரியா?' என்று வகுப்பைக் கேளுங்கள். கை தூக்கினதும் அடுத்தவர் பேச்சை ஓடவிடுங்கள். சட்டம் என்றால் யாரோ மேலேயிருந்து எழுதிக் கொடுத்தது என்ற நினைப்பு பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒருவர் பேச எழுந்தால் இன்னொருவர் குறுக்கிடுவதையும், கோபப்படுவதையும், கடைசியில் விட்டுக்கொடுப்பதையும் கண்ணால் பார்த்தால்தான் அது மாறும். வரைவின் மேல் 7,635 திருத்தங்கள் வந்தன, அவற்றில் 2,473 சபையில் எடுத்து வைக்கப்பட்டன என்று பாடத்தில் சொன்னால் அது வெறும் எண். சண்டையைப் பார்த்த பிறகு சொல்லிப் பாருங்கள்.

மிச்ச நேரத்துக்குக் கடைசிப் பகுதியை வையுங்கள். 1949 நவம்பர் 25-ல் அம்பேத்கர் ஆற்றிய உரை அது. 1950 ஜனவரி 26 முதல் முரண்பாடுகள் நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் போகப் போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக வாழ்க்கையிலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு இருக்கும் என்று எச்சரித்தார். மறுநாள்தான் சபை அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. கைதட்டு வாங்க வேண்டிய நேரத்தில் ஒரு மனிதர் இதைச் சொன்னார் என்பதைப் பிள்ளைகளிடம் நிறுத்திச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கென்று ஒரு சேதியும் இருக்கிறது. அந்தச் சபையில் காமராஜர் ஓர் உறுப்பினர். 1954-ல் முதலமைச்சரானதும் அவர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி குடியாத்தம். விடுதலைப் போராட்டக் காலத்தில் வேலூர் சிறையிலும் இருந்தவர். வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனும் அதே சபையில் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் இதைச் சொன்னால் டெல்லி கொஞ்சம் கிட்டே வரும்.

ஓவிய ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் மூலப் பிரதியைக் கையால் எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. பக்கங்களுக்குப் படம் வரைந்தவர்கள் சாந்தி நிகேதனத்து நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமும் சோழர் கால நடராஜரும் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள்.

'ஜெய் பீம்' காட்டலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். லாக்கப் காட்சிகளை அந்த வயசுப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.

கேள்வி: மம்மூட்டி அம்பேத்கராக நடித்த படம் தமிழில் வந்ததா?
*— வாசகர், ஆற்காடு*

வந்தது. ஜப்பார் பட்டேல் ஆங்கிலத்தில் இயக்கிய படம். 2000-ல் வெளியானது. அதற்கு முன்பே மம்மூட்டிக்கு 1998-க்கான தேசிய விருது வாங்கித் தந்துவிட்டது. தமிழ்ப் பதிப்பு இங்கே தியேட்டருக்கு வந்தது 2010 டிசம்பரில். அதற்கும் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மூன்று மணி நேரப் படம், பொறுமையோடு பாருங்கள். அரசியலமைப்பு எழுதிய கதை அதில் ஒரு பகுதிதான். அதை எழுதிய கை எங்கெங்கே தள்ளிவிடப்பட்டது, எந்தக் குளத்தில் தண்ணீர் மொள்ளவே போராட வேண்டியிருந்தது என்பதுதான் மீதி. மகாத் குளத்துக் காட்சியைப் பார்த்த பிறகு 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருப்பது ஏன் என்று விளங்கும்.

கேள்வி: மேடம், நான் வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 'ஜெய் பீம்' படத்தில் ஆட்கொணர்வு மனு நடக்கிற விதம் உண்மையில் சாத்தியமா? சீனியர் ஒருவர் 'அதெல்லாம் சினிமா' என்று சிரித்தார்.
*— மாணவர், காட்பாடி*

சாத்தியம்தான் தம்பி. ஆனால் தினமும் நடப்பதில்லை. உங்கள் சீனியர் சிரித்தது அந்த 'தினமும் நடப்பதில்லை' என்பதை மட்டும் பார்த்து.

ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் 226-வது பிரிவின் கீழ் கேட்பது ஒரே கேள்வி: ஆள் எங்கே, எந்த அதிகாரத்தில் பிடித்து வைத்திருக்கிறீர்கள்? 'எங்கள் காவலில் இல்லை' என்று போலீஸ் பிரமாணப் பத்திரம் போட்டுவிட்டால் பெரும்பாலும் மனு அங்கேயே முடிந்துபோகும். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதெல்லாம் கீழ்க் கோர்ட்டின் வேலை. படத்தில் சூர்யா அதை உயர் நீதிமன்றத்திலேயே செய்ய அனுமதி கேட்கிறார். கேரளத்து ராஜன் வழக்கை முன்னுதாரணமாகக் காட்டுகிறார். அந்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள். வழக்கு மொத்தமும் அங்கேதான் திரும்புகிறது.

ராஜன் வழக்கு நிஜம். நெருக்கடி நிலையின்போது 1976-ல் கோழிக்கோட்டில் பொறியியல் மாணவரான ராஜனைப் போலீஸ் அழைத்துப் போனது. பிள்ளை திரும்பவில்லை. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் 1977-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிமன்றமே சாட்சிகளை விசாரித்தது. அதன் தொடர்ச்சியாக அன்றைய முதலமைச்சரே பதவி விலகினார். இந்தச் சம்பவத்தின் பாதிப்பில் ஷாஜி என். கருண் எடுத்த மலையாளப் படம் 'பிறவி'. மகன் இன்றைக்கு வருவான் என்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கிழவராகப் பிரேம்ஜி நடித்திருப்பார். கோர்ட் காட்சி வேண்டுமென்றால் 'ஜெய் பீம்' பாருங்கள். ஓர் ஆட்கொணர்வு மனு யாருக்காகப் போடப்படுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் 'பிறவி' பாருங்கள்.

ராஜன் காணாமல் போன அதே 1976-ல்தான், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. ஜபல்பூர் வழக்கு. மறுத்த ஒரே நீதிபதி எச்.ஆர்.கன்னா. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆனது. இதை ஒட்டி வைத்துப் படித்தால் ஈச்சர வாரியர் எந்தக் காலத்தில் எந்தக் கதவைத் தட்டினார் என்பது புரியும்.

நான் 'ஜெய் பீம்' படத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது கோர்ட் காட்சியை அல்ல, தொடக்கத்தை. கிளைச் சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களிடம் என்ன சாதி என்று கேட்கிறார்கள். சில சாதிக்காரர்கள் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்களை ஓரமாக நிற்கவைத்து, வேறு வழக்குகளில் சேர்க்கக் காத்திருக்கும் போலீஸாரிடம் பிரித்துக் கொடுக்கிறார்கள். வெளியே மனைவியும் குழந்தையும் நிற்கிறார்கள். நம் மாவட்டங்களிலும் இருளர் குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. என்னிடம் வருகிற இருளர் குடும்பங்களுக்கு முதல் பிரச்சினை பழங்குடிச் சான்று. அதைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கே சான்று இல்லாத வீட்டில் பிள்ளைக்கு எதைக் காட்டி வாங்குவது? சட்டம் படிக்கிற பிள்ளைகள் லீவில் ஒரு குடியிருப்புக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அந்தக் காட்சிக்கு நீங்கள் செய்கிற மரியாதை அதுதான்.

கேள்வி: வெளிநாட்டுப் படங்களும் சொல்லுங்கள் அக்கா. என் மகளும் நானும் சேர்ந்து பார்ப்போம். அவள் ஆங்கிலம் படித்துச் சொல்வாள்.
*— இல்லத்தரசி, ஆரணி*

அம்மாவும் மகளும் பார்ப்பதற்கென்றே ஒன்று இருக்கிறது. 'வாட் த கான்ஸ்டிடியூஷன் மீன்ஸ் டு மீ'. ஹெய்டி ஷ்ரெக் எழுதி நடித்த மேடை நாடகத்தின் பதிவு, 2020-ல் அமேசான் பிரைமில் வந்தது. பதினைந்து வயதில் ஹெய்டி ஊர் ஊராகப் போய் அமெரிக்க அரசியலமைப்பைப் புகழ்ந்து பேச்சுப் போட்டிகளில் ஜெயித்து, அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போனவர். நடுவயதில் அதே பேச்சை மேடையில் திரும்பப் பேசத் தொடங்குகிறார். பேசப் பேச அம்மா, பாட்டி, பூட்டி என்று அவர் வீட்டுப் பெண்கள் வாங்கிய அடி உதை எல்லாம் வெளியே வருகிறது. இந்தப் பெண்களை அந்தச் சட்டம் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கிறார். கணவனைக் கிட்டே வரவிடாதே என்று கோர்ட் உத்தரவு வாங்கிய ஒரு பெண்ணின் வழக்கைச் சொல்கிறார். போலீஸ் அசையவில்லை, மூன்று மகள்களும் செத்துப்போனார்கள். போலீஸ்மேல் அந்தத் தாய் போட்ட வழக்கு 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஜீவனாம்ச வழக்குகளும் பாதுகாப்பு உத்தரவு மனுக்களும் நடத்துகிற எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

கடைசியில் ஒரு பள்ளி மாணவி மேடைக்கு வந்து, இந்த அரசியலமைப்பை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று ஹெய்டியோடு வாதாடுகிறாள். பார்வையாளர்களுக்குச் சட்டைப்பைக்குள் அடங்கும் அரசியலமைப்புப் புத்தகம் கொடுக்கிறார்கள். 1949 நவம்பரில் நம் சபையில், சென்னை மாகாணத்திலிருந்து போன அம்மு சுவாமிநாதன் இதே ஆசையைச் சொல்லியிருக்கிறார்: கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் சின்னப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன், இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்று. நீங்களும் மகளும் அந்த வாதத்தை வீட்டில் நடத்திப் பாருங்கள். ஆளுக்கொரு பக்கம்.

அப்புறம், ஏவா டுவெர்னே இயக்கிய '13-த்', 2016-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆவணப்படம். அடிமைமுறையை ஒழித்த அமெரிக்காவின் 13-வது திருத்தத்தில் 'குற்றத்துக்கான தண்டனையாகத் தவிர' என்று ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே சிறைகள் எப்படிக் கறுப்பின மக்களால் நிரம்பின என்று காட்டுகிறது. வேகமாக ஓடும், மகள் அவ்வப்போது நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

சிலி நாட்டு பாட்ரிசியோ குஸ்மான் எடுத்த 'மை இமாஜினரி கன்ட்ரி'யில் பேட்டி கொடுக்கிற அத்தனை பேரும் பெண்கள். 2019-ல் மெட்ரோ ரயில் கட்டண உயர்வில் கிளம்பிய போராட்டம் புது அரசியலமைப்பு எழுதும் சபை வரை போகிறது. சபைக்குத் தலைவியாக வந்தவர் மாபுச்சே பழங்குடிப் பெண் எலிசா லொன்கோன். படம் பெரிய நம்பிக்கையோடு முடிகிறது. 2022 மேயில் கான் விழாவில் திரையிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பர் 4-ல் நடந்த வாக்கெடுப்பில் சிலி மக்கள் 62 சதவீதத்துக்கு அருகில் அந்த வரைவை நிராகரித்துவிட்டார்கள். இந்தச் சேதியை மகளுக்குப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்னாடியே சொன்னால் அந்தப் பெண்கள் பேசுவதை அவள் வேறு மாதிரி கேட்பாள்.

கேள்வி: இந்தப் படங்கள் எல்லாமே சரித்திரத்தைக் கொஞ்சம் திரிப்பவைதானே? படத்தைப் பார்த்துச் சட்டம் கற்றுக்கொள்வது ஆபத்தில்லையா?
*— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், வாணியம்பாடி*

அய்யா, உங்கள் சந்தேகம் நியாயமானது. ஸ்பீல்பெர்க்கின் 'லிங்கன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். நான் மேலே சொன்ன அதே 13-வது திருத்தம் 1865 ஜனவரி 31-ல் கீழ்ச்சபையில் 119-க்கு 56 என்று நிறைவேறியது. படத்தில் கனெக்டிகட் மாநில உறுப்பினர்கள் இருவர் எதிர்த்து வாக்களிக்கிறார்கள். உண்மையில் அந்த மாநிலத்து நாலு பேருமே ஆதரித்தவர்கள். படம் வந்த பிறகு அந்த மாநிலத்து எம்.பி. ஒருவர் கடிதம் எழுதினார். திரைக்கதை ஆசிரியர் அது மாற்றம்தான் என்று ஒப்புக்கொண்டார். இதை நான் மன்னிக்க மாட்டேன். வாக்கு என்பது பதிவான ஆவணம். பரபரப்புக்காக அதை மாற்றினால், அடிமைமுறைக்கு எதிராகக் கை தூக்கியவனின் பேரை அழிக்கிறோம்.

இன்னொரு வகை மாற்றம் இருக்கிறது. 'ஜெய் பீம்' கதையின் அடிப்படை 1993-ல் அன்றைய தென் ஆற்காட்டுப் பக்கம் நடந்த நிஜ வழக்கு. பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர், படத்தில் இருளர். வழக்காடிய கே.சந்துரு பிற்பாடு உயர் நீதிமன்ற நீதிபதியானவர். இருளர் பாடுகளையும் ஒரே கதையில் சேர்க்க இயக்குநர் த.செ.ஞானவேல் எடுத்த முடிவு அது. எனக்கு அதில் பாதி சம்மதம். இருளர் நிலைமையை ஊரே பேசியது நல்லது. ஆனால் தங்கள் வீட்டுச் சாவு இன்னொரு சமூகத்தின் பேரில் திரையில் ஓடுவதைப் பார்க்கிற குறவர் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

படம் பார்த்த ராத்திரியே தீர்ப்பையோ விவாதத்தையோ ஒரு பக்கமாவது படித்துவிடுங்கள் அய்யா. அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் இணையத்தில் இலவசம். படம் உங்களை அதுவரை கூட்டிக்கொண்டு போனால் அதன் வேலை முடிந்தது.

கேள்வி: அக்கா, டெல்லி, அமெரிக்கா என்றே எல்லாரும் சொல்கிறார்கள். நம்ம ஊருக்கும் அரசியலமைப்புக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? படமாக எடுக்கிற மாதிரி?
*— டேனரித் தொழிலாளி, ஆம்பூர்*

உங்கள் கடிதத்துக்காகவே இந்த இதழில் கூடுதலாக ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன்.

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர் முதல் வாரத்திலேயே நம் ஊர்ப் பேரைப் படித்துவிடுவார். 'வேலூர் குடிமக்கள் நலப் பேரவை எதிர் இந்திய ஒன்றியம்'. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பதை எதிர்த்து 1991-ல் போட்ட வழக்கு, அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் போகலாம் என்கிற 32-வது பிரிவின் கீழ். 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு நம் மாவட்டத்தின் பேர் என்ன தெரியுமா? வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தீர்ப்பில் அந்தப் பேர்தான் இருக்கிறது. 32-வது பிரிவுதான் அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று சபையில் சொன்னவரின் பேரைத் தாங்கிய மாவட்டத்து ஜனங்கள் அதே பிரிவைப் பிடித்துக்கொண்டு டெல்லிக்குப் போயிருக்கிறார்கள்.

தீர்ப்பைப் படித்தால் நம் ஊர் அப்படியே தெரியும். ஒரு கிலோ தோல் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், குரோம் பதனிடுதலில் 170 வகை ரசாயனங்கள், பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப்போன நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவைப் பெற்ற பாட்டி வீடு பாலாற்றங்கரையில்தான். அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது. அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கும், மேலே உப்பு நுரை கட்டியிருக்கும். லாரித் தண்ணீர் வருகிற நாளில்தான் சாம்பார். 21-வது பிரிவு சொல்லும் உயிர் வாழும் உரிமைக்குள் சுத்தமான தண்ணீரும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பில் படித்தபோது எனக்கு முதலில் அந்தப் பாத்திரம்தான் கண்ணில் வந்தது.

மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இந்த இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் நம் வழக்கில்தான் உறுதியாகச் சொன்னது. தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு வந்ததும் இந்த வழக்கால்தான். வழக்காடிய எம்.சி.மேத்தாவுக்கு 50,000 ரூபாய் கொடுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவு.

இழப்பீடு எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை, ஆறும் தேறவில்லை. வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போய், 2025 ஜனவரி 30-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆற்றுக்குச் செய்த கேடு சரியாகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1991-ல் மனு போட்டபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பிள்ளை குட்டியோடு அதே கரையில் இருக்கிறார்கள்.

இதில் உங்களை நான் மறக்கவில்லை. டேனரி மூடினால் உங்கள் வீட்டு அடுப்பு அணையும், ஓடினால் கிணறு கெடும் என்ற நிலையில் இத்தனை வருஷம் உங்களை நிறுத்தி வைத்ததுதான் எனக்கு ஆறாத கோபம். 21-வது பிரிவு கரையில் இருப்பவருக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. கையுறை இல்லாமல் குரோம் தொட்டிக்குள் கை விடுகிறவருக்கும் அதே பிரிவுதான். யாராவது படம் எடுத்தால் கிணற்றடியில் ஒரு கேமரா வைத்தால் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் கையருகே இன்னொன்று வைக்க வேண்டும். நடுவில் கோர்ட் ஹால் இருந்தால் போதும்.

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து பாலாறு பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க நினைக்கிறோம். சென்சார் வேண்டுமா? பிரச்சினை வந்தால் சட்டம் எங்கள் பக்கம் நிற்குமா?
*— இளைஞர், திருப்பத்தூர்*

நல்ல நேரத்தில் எழுதினீர்கள். தியேட்டரிலோ மண்டபத்திலோ பொதுமக்களுக்குத் திரையிடுவதென்றால் 1952-ஆம் வருஷத்து சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும், ஆவணப்படமாக இருந்தாலும். யூடியூபில் போடுவதற்கு அந்தச் சான்று தேவையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டமும் விதிகளும் பொருந்தும்.

இந்த முன்தணிக்கையே 19-வது பிரிவு தரும் பேச்சுரிமைக்கு எதிரானதில்லையா என்று கேட்டவரும் ஓர் ஆவணப்படக்காரர்தான். கே.ஏ.அப்பாஸ். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி நான்கிலும் பணக்காரர் வாழ்வையும் ஏழைகள் வாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். வெட்டச் சொன்னார்கள். வழக்குப் போட்டார். வெட்டாமலே 'யு' சான்று தருகிறோம் என்று அரசு இறங்கி வந்தபோதும் அவர் விடவில்லை. எனக்கு மட்டும் கிடைத்தால் போதாது, கேள்விக்குப் பதில் வேண்டும் என்று நின்றார். 1970-ல் தணிக்கை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. தோற்றாலும் அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு வேறு. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தால் வந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே'. இடஒதுக்கீட்டை விமர்சிக்கும் படம் என்று எதிர்ப்புக் கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் சான்றை ரத்து செய்தது. 1989 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. படத்தின் கருத்து எனக்கு ஒப்பில்லை. இடஒதுக்கீடு இல்லையென்றால் நம் மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் கோர்ட்டுக்குள் கறுப்பு அங்கியோடு நுழைந்திருக்க மாட்டார்கள். ஆனால் தீர்ப்பு சரியானது. கலவரம் வரும் என்று மிரட்டுகிறவர்களைக் காட்டி ஒருவர் பேச்சை நிறுத்த முடியாது, பேசுகிறவரைக் காப்பாற்றுவது அரசின் கடமை என்று அதில் தெளிவாக இருக்கிறது. அரசின் கொள்கையைக் குறை சொல்வது தடைக்குக் காரணமாகாது என்றும் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். 1996, 2025 இரண்டு தீர்ப்புகளும் உச்ச நீதிமன்றத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதலில் இரண்டையும் படித்துவிடுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை விவரங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். எந்தத் தொழிற்சாலையையும் பேர் சொல்லிக் குற்றம் சாட்டுவதென்றால் ஆவணம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவதூறு வழக்கு வரும். பேட்டி கொடுப்பவர்களிடம், முக்கியமாகத் தொழிலாளிகளிடம், முகம் காட்டலாமா என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மேலே கேள்வி கேட்டிருக்கும் ஆம்பூர்க்காரர் உங்களோடு பேச விரும்பினால் உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைக்கிறேன். முதல் வெட்டு முடிந்ததும் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோர்ட் முடிந்ததும் உட்கார்ந்து பார்க்கலாம்.